பெட்டியடியில உக்காரு, தங்கச்சி: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகிக்கு பதில் எழுதும்போது "தலைமைப் பயிற்சிக்கு அனுப்புறாங்க, ஆனா கல்லாப்பெட்டி சாவிய மட்டும் கண்ணுல காட்ட மாட்டேங்குறாங்க"ன்னு போற போக்குல ஒரு வரி போட்டேன். அவ்வளவுதான், கடிதமும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சிருச்சு, ரெண்டு பேரு திட்டியும் எழுதியிருக்காங்க. எல்லாத்துக்கும் இங்க இடம் பத்தாது, எடுத்தவரைக்கும் கீழ இருக்கு. பாதிப்பேரு பேரு போடாதீங்கன்னு கேட்டதால யாரு பேரும் போடல, பேட்டை மட்டும்தான். என்னைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: சிங்கப்பூர்ல 31 வருஷம் சரக்கு அனுப்புற கம்பெனியில வேலை, இப்ப ரிட்டயர், ரெண்டு பேரப்பிள்ளைங்க, வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

செங்காங் வாசகி, வயது 34: அக்கா, எங்க ஆபிஸ்ல வருங்காலப் பெண் தலைவர்கள்னு ஆறு மாச புரோகிராம் வச்சாங்க, எங்க டிபார்ட்மெண்ட்ல என்னை மட்டும்தான் எடுத்தாங்க. கோச்சிங், மேடைப் பேச்சு, ஹோட்டல் லஞ்ச், கடைசியில சர்டிபிகேட்டு, போட்டோ எல்லாம் ஆச்சு. வருஷக் கடைசியில மேனேஜர் வேலைய என்கூட சேர்ந்த ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. அவரு எந்தப் பயிற்சிக்கும் போனதில்ல. கேட்டா நீ இன்னும் டெவலப் ஆகிட்டிருக்கேங்குறாங்க. நான் எங்க தப்பு பண்ணேன்?

பதில்: நீ ஒரு தப்பும் பண்ணல தங்கச்சி. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாரு, நீ ஹோட்டல்ல உக்காந்து தலைமைன்னா என்னன்னு ஸ்லைடு பாத்துட்டிருந்த அந்த ஆறு மாசம் அவரு என்ன பண்ணிட்டிருந்தாரு? எனக்கு உங்க ஆபிஸ் தெரியாது, ஆனாலும் பந்தயம் கட்டுறேன், புது சிஸ்டம் மாத்துற வேலையோ கோலாலம்பூர் கஸ்டமரோ ஏதோ ஒண்ணு அவரு தலையில விழுந்திருக்கும், அவரும் தடுமாறி ரெண்டு தப்பு பண்ணி பாஸ்கிட்ட திட்டு வாங்கி எப்படியோ முடிச்சிருப்பாரு, பதவி உயர்வு மீட்டிங்ல பேசுறதுக்கு அவரப்பத்தி ஒரு கதை இருந்திருக்கும், உன்னப்பத்தி ஒரு சர்டிபிகேட்டு இருந்திருக்கும்.

நம்ம ஆளுங்களுக்கு இது புதுசே இல்ல. அந்தக் காலத்துல மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில, அதான் வட்டிக்குக் கடன் குடுக்குற கடையில, செட்டியாருங்க பையன எப்படிப் பழக்குனாங்க? மேடை போட்டா பேசுனாங்க? சின்ன வயசுலயே கொண்டுவந்து பெட்டியடியில உக்கார வச்சாங்க, பெட்டியடிப் பையன்னே பேரு. கணக்கு எழுதி, பணம் எண்ணி, வட்டி போட்டு, ஆளப் பாத்துக் கடன் குடுக்கலாமா வேணாமான்னு பழகி, அப்புறம் அடுத்தாள், அப்புறம் மேல. படிச்சு வந்த தலைமை இல்ல, பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து வந்த தலைமை. ஒரே குறை, அந்தப் பெட்டியடியில பொண்ணு உக்காந்ததே இல்ல. இத்தனைக்கும் ஊர்ல ஆச்சிங்க சீர்ப்பணத்த வட்டிக்கு விட்டு பைசா பிசகாம கணக்கு வச்சிருந்தவங்க.

இந்த முதல் படியிலதான் வழுக்குதுன்னு கணக்கும் இருக்கு. அமெரிக்காவுல மெக்கின்சிங்குற ஆலோசனைக் கம்பெனியும் லீன்இன்ங்குற பெண்கள் அமைப்பும் வருஷா வருஷம் போடுற அறிக்கையில 2019ல, 100 ஆம்பளைங்க முதல் தடவ மேனேஜர் ஆனா பொண்ணுங்க 72 பேருதான் ஆனாங்க, 2024ல அது 81. அவங்க ஊரு கணக்குதான், ஆனா படிக்கும்போது எனக்கு நம்ம ஆபிஸ் பேட்டை ஷென்டன் வே ஞாபகம்தான் வந்துச்சு. பொண்ணுங்கள மேல ஏற விடாத கண்ணாடிக் கூரை இருக்குன்னு எல்லாரும் அண்ணாந்து பாக்குறாங்க, காலுக்குக் கீழ முதல் படியே ஒடஞ்சு கெடக்கு.

இன்னொண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஆளுக்கொரு பலகாரம் கொண்டுவர்ற தீபாவளி பொட்லக் யாரு ஏற்பாடு பண்றா? பொறந்தநாள் கேக்குக்கு யாரு காசு வசூல் பண்றா? மீட்டிங் குறிப்பு யாரு எழுதுறா? நீதானே? லிண்டா பாப்காக்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியரும் கூட ரெண்டு மூணு பேரும் 2017ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க, பதவி உயர்வுக்கு உதவாத இந்த மாதிரி வேலைக்கு பொண்ணுங்கதான் ஆம்பளைங்கள விட ஏறக்குறைய ஒண்ணரை மடங்கு கை தூக்குறாங்க. நாம நல்லவங்கங்குறதால மட்டும் இல்ல, எல்லாரும் நம்ம மூஞ்சியத்தான் பாக்குறாங்க, அதுக்காகவும்தான். நான் ஆறு வருஷம் மீட்டிங் குறிப்பு எழுதினவ, என் கையெழுத்து அழகுன்னு பாராட்டு வேற. எழுதுற ஆளு பேச முடியாதுன்னு எனக்கு ஏழாவது வருஷம்தான் ஒறைச்சுது.

அதனால இப்படிப் பண்ணு. கடந்த 12 மாச காலண்டர எடுத்து, பணம், கஸ்டமர், ஆளுங்க இந்த மூணுல ஒண்ணத் தொட்ட வேலைக்கு ஒரு கலர் அடி, மத்ததுக்கு வேற கலர். அந்தத் தாள எடுத்துட்டு பாஸ்கிட்ட போயி, அடுத்த ஆறு மாசத்துல எந்த கஸ்டமர் இல்லன்னா எந்த பட்ஜெட் எனக்குன்னு கேளு. டெவலப்னு மறுபடி சொன்னா, எதுல, எந்த மாசத்துக்குள்ளன்னு கேட்டு ஈமெயில்ல எழுதி வாங்கு. பொட்லக்க முறை போட்டு பண்ணலாம்னு சொல்லு, முதல் முறை புது மேனேஜருக்கு.

பிடோக் வாசகர், வயது 67: அம்மா, நாட்டுக்கு அதிபரா பெண் இருந்தாச்சு, பேங்குக்குத் தலைவியா பெண் வந்தாச்சு. இன்னும் என்னதான் வேணும்? இப்படியே பேசிப் பேசி ஆம்பளப் பசங்க மனச ஒடச்சிடாதீங்க.

பதில்: ஐயா, சந்தோஷமான விஷயந்தான், நானும் கைதட்டினேன். 2021ல ஓசிபிசி பேங்குக்கு ஹெலன் வோங், 2025 மார்ச்ல டிபிஎஸ் பேங்குக்கு டான் சு ஷான் தலைவியா வந்தாங்க. ஆனா அவங்க எப்படி வந்தாங்கன்னும் பாருங்க. டான் சு ஷான் 2010ல டிபிஎஸ்ல சேர்ந்து, பணக்காரங்க பிரிவு, சாதாரண வாடிக்கையாளர் பிரிவு, பெரிய கம்பெனிங்களுக்குக் கடன் குடுக்குற பிரிவுன்னு வருமானம் வர்ற எடமா பாத்து நடத்திட்டுத்தான் மேல போனாங்க. ஹெச்ஆர், விளம்பரம், மக்கள் தொடர்பு இந்தப் பக்கமா மட்டும் போன பொண்ணுங்க எத்தன பேரு தலைவி ஆகியிருக்காங்கன்னு எண்ணுங்க, ஒரு கை விரலே மிச்சம் இருக்கும்.

ஒண்ணு ரெண்டு பேரு வந்தா ஊரே வந்துட்டதா ஆகாதுங்கய்யா. இங்க பங்குச் சந்தையில இருக்குற முதல் 100 கம்பெனி இயக்குநர் போர்டுல 2020க்குள்ள 20 சதவீதம் பெண்கள்னு இலக்கு வச்சாங்க, அந்த வருஷம் எட்டல. அடுத்து 2025க்கு 25, 2030க்கு 30னு வச்சிருக்காங்க, அதாவது முழுசா எட்டினாலும் பத்துல மூணு. அதுக்கே விதி கொஞ்சம் தள்ளிவிட வேண்டியிருந்துச்சு, தனி இயக்குநருங்க ஒன்பது வருஷத்துக்கு மேல அந்த நாற்காலியில ஒட்டிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு 2023ல நம்ம பங்குச் சந்தை எஸ்ஜிஎக்ஸ் விதி கொண்டு வந்தப்புறந்தான் பல எடம் காலியாச்சு. நாற்காலி காலியானாத்தானே யாராச்சும் உக்கார முடியும். ஆம்பளப் பசங்க மனசு இதுக்கெல்லாம் ஒடையாது, என் பேரனே ரெண்டு பேரு இருக்கான்.

சுவா சூ காங் வாசகி, வயது 46: அக்கா, 20 வருஷமா அட்மின் வேலை. லெட்டர், அட்டவணை, இன்வாய்ஸ் எல்லாம் இப்ப ஏஐ பண்ணுது. எங்க டீம்ல ரெண்டு பேர ஆட்குறைப்புல அனுப்பிட்டாங்க. என் மகன் கோர்ஸ் போங்கம்மாங்குறான். நீங்க தலைமை தலைமைங்குறீங்க, எனக்கு வேலை நின்னாலே போதும்போல இருக்கு.

பதில்: உன் பயம் நியாயமான பயம், சும்மா தைரியமா இருன்னு சொல்லிட்டுப் போக மாட்டேன். ஐஎல்ஓங்குற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2023ல போட்ட ஆய்விலயே, இந்த ஏஐ முதல்ல கைய வைக்குறது கிளார்க் வேலையிலதான், அந்த வேலையில பொண்ணுங்க அதிகம்ங்குறதால ஆம்பளைங்கள விட ரெண்டு மடங்குக்கு மேல பாதிப்பு நமக்குத்தான்னு சொல்லியிருக்கு. ஆக இது உன் தனிப்பட்ட கஷ்டம் இல்ல.

கோர்ஸ் விஷயம் சுருக்கமா. நீ சிங்கப்பூரரா இருந்தா, 40 வயசுக்கு மேலங்குறதால 2024 மே மாசம் அரசாங்கம் கோர்ஸ் படிக்கக் குடுக்குற ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட் 4,000 வெள்ளி உன் கணக்குல ஏறியிருக்கும், காலாவதி கிடையாது, ஆனா அதுக்குன்னு ஒதுக்குன கோர்ஸுக்குத்தான் செல்லும். வேலைய விட்டு முழுநேரமா நீண்ட கோர்ஸ் படிச்சா முன்ன வாங்குன சராசரி சம்பளத்துல பாதி, மாசம் 3,000 வெள்ளி வரைக்கும், மொத்தம் 24 மாசம் வரைக்கும் உதவித்தொகை உண்டு. போன் பண்ணி இழுக்குற ஏஜெண்டு சொல்ற கோர்ஸுல மட்டும் போய் விழாத.

ஆனா அதுக்கு முன்னாடி ஆபிஸ்லயே ஒரு எடம் பாரு. ஏஐ இன்வாய்ஸ் போடுது, சரி, தப்பாப் போட்டா யாரு கண்டுபிடிக்குறா? நான் சரக்கு வேலையில இருந்தவ, பில் ஆஃப் லேடிங்குன்னு கப்பல் சரக்குச் சீட்டு, அதுல எடைய ஒரு புள்ளி தள்ளிப் போட்டா கன்டெய்னர் துறைமுகத்துல நின்னு நாளுக்கு நாள் வாடகை ஏறும். கஸ்டமர் திட்டுறது மெஷின இல்ல, போன எடுக்குற நம்மள. உனக்கு 20 வருஷத்துல எந்த சப்ளையர் எப்ப ஏமாத்துவாரு, எந்த கஸ்டமர் மாசக் கடைசியில சாக்குச் சொல்லுவாருன்னு தெரியும். அத யாரும் எழுதி வைக்கல, அதனால மெஷினுக்கும் தெரியாது.

மெஷினும் நாம குடுத்த பழச வச்சுத்தான் படிக்குது. அமேசான் கம்பெனி வேலைக்கு ஆள் பொறுக்க ஒரு ஏஐ செஞ்சுது, பத்து வருஷமா வந்த விண்ணப்பத்தப் போட்டுப் பழக்குனாங்க, அதுல பெரும்பாலும் ஆம்பளைங்க. கடைசியில அது பெண்கள் செஸ் கிளப்னு எழுதியிருந்தாலே மார்க்கக் கொறைச்சுது, தூக்கிக் கடாசிட்டாங்க, 2018ல வெளிய வந்த செய்தி. யாராச்சும் பக்கத்துல நின்னு இது என்ன கூத்துன்னு கேக்கணும்ல. அந்த ஆளா நீ ஆகு. மாசம் எத்தன தப்பு புடிச்ச, எத்தன வெள்ளி மிச்சமாச்சுன்னு ஒரு நோட்டுல எழுதி பாஸுக்கு மாசா மாசம் அனுப்பு, அவரு கேக்கலன்னாலும் அனுப்பு. வேலை நிக்குமான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா யார அனுப்பலாம்னு பட்டியல் போடும்போது அந்த நோட்டு ஞாபகம் வரும்.

சிராங்கூன் ரோட்டுக்குப் பக்கத்து வாசகி, வயது 29: அக்கா, எங்க அப்பா மளிகை, மசாலா மொத்த வியாபாரம் பண்றாரு. பட்டம் வாங்கிட்டு ஆறு வருஷமா நான்தான் கூட இருக்கேன். ஊர்லேர்ந்து சரக்கு வரவழைக்குறது, ஸ்டாக்கு, ஆன்லைன் ஆர்டர் எல்லாம் நான். தம்பி ஐடி கம்பெனியில இருக்கான், ஞாயித்துக்கிழமை வந்து டீ குடிச்சிட்டுப் போவான். இப்ப அப்பா, தம்பி அடுத்த வருஷம் வந்து பொறுப்ப எடுத்துக்குவான், நீ கல்யாணம் ஆகிப் போற பொண்ணுங்குறாரு. அப்பா என்மேல உயிரையே வச்சிருக்காரு, சண்டை போட மனசு வரல.

பதில்: இந்தக் கடிதத்த ரெண்டு தடவ படிச்சேன்மா. உங்க அப்பா உயிரையே வச்சிருப்பாரு, நம்புறேன். பாசம் வேற, பங்கு வேற. நம்ம வீடுங்கள்ல பொண்ணுக்குப் பாசத்தையும் பையனுக்குப் பங்கையும் குடுத்துட்டு ரெண்டும் சமம்னு நெனச்சுக்குவாங்க, வேணும்னே இல்ல, அவங்க அப்பா அப்படித்தான் பண்ணாரு.

சண்டை வேணாம், முதல்ல நெலவரத்தத் தெரிஞ்சுக்க. கடை சொந்தப் பேர்ல இருக்கா, பிரைவேட் லிமிடெட்டா? லிமிடெட்டுன்னா கம்பெனிங்களப் பதிவு பண்ற அரசாங்க அமைப்பு அக்ராவுல சில வெள்ளி கட்டி எடுத்தா பங்கு யாரு பேர்ல, டைரக்டர் யாருன்னு எல்லாம் வந்துரும். அப்பா ஒருத்தர்தான் டைரக்டர், அவரு ஒருத்தர்தான் பேங்க்ல கையெழுத்துன்னா, அப்பா பத்து நாளு ஆஸ்பத்திரியில படுத்தா தூத்துக்குடி சப்ளையருக்குப் பணம் எப்படிப் போகும்னு கேளு. இது உரிமைக் கேள்வி இல்ல, வியாபாரக் கேள்வி, அப்பாவுக்குக் கோவம் வராது. ஆறு வருஷம் கடைய நடத்துற ஆளு பேரு எந்தக் காயிதத்துலயும் இல்லன்னா நீ அங்க சம்பளத்துக்கு இருக்குற பொண்ணு, சில வீட்ல சம்பளமும் இருக்காது, சாப்பாடும் அப்பாவோட அன்பும்தான்.

உயில் இல்லாமப் போனா என்னன்னும் தெரிஞ்சு வச்சுக்க. முஸ்லிம் அல்லாதவங்களுக்கு இங்க சட்டம் மகன் மகள்னு பாக்குறதில்ல, அம்மாவுக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைங்களுக்குச் சமமா. முஸ்லிம்களுக்கான ஃபராயிட் முறையில மகனுக்கு ரெண்டு பங்கு, மகளுக்கு ஒண்ணு. உங்க வீடு எதுன்னு நீ எழுதல. ஆனா பங்கு கெடைக்குறதும் பொறுப்பு கெடைக்குறதும் ஒண்ணில்ல, நீ கேக்குறது பொறுப்ப.

அதுக்கு அப்பாவுக்குப் புரியுற பாஷை ஒண்ணுதான், ஐந்தொகை, அதான் வருஷக் கடைசிக் கணக்கு. வியாபாரத்துல ஒரு பகுதிய தனியாக் கேளு, முழுசாக் கேக்காத. சாப்பாட்டுக் கடைங்களுக்கும் கேட்டரிங்குக்கும் போற மொத்த ஆர்டர் மட்டும் ஒரு வருஷத்துக்கு என் பொறுப்பு, தனி பேங்க் கணக்கு, கொள்முதல், கடன், வசூல், நட்டம் எல்லாம் எனக்குன்னு சொல்லு. ஏன் அந்தப் பகுதின்னா, சில்லறைய ஏற்கனவே எல்லை தாண்டி மலேசியாவுல இருக்குற ஜொகூர் பாதி தின்னுடுச்சு, வார இறுதியில எல்லைப் பக்கம் எம்ஆர்டி ரயில்ல போற கூட்டத்தப் பாத்தாலே தெரியும், 2026 கடைசியில உட்லண்ட்ஸ் நார்த்லேர்ந்து புக்கிட் சாகர் வரைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஓடணும்னு திட்டம், அஞ்சு நிமிஷப் பயணம், அப்புறம் கால் கிலோ மல்லித்தூளுக்கு யாரு உங்க கடைக்கு வர்றா? சாப்பாட்டுக் கடைக்காரங்க அப்படிப் போக மாட்டாங்க, அவங்களுக்கு காலைல ஆறு மணிக்கு வாசல்ல மூட்டை வந்து எறங்கணும், மாசக் கடன் வேணும். அந்த வியாபாரத்துல நட்டமும் சீக்கிரம் வரும், சொல்லிட்டேன், கடன் குடுத்து வசூல் பண்ணத் தெரியணும். தெரிஞ்சிட்டா நீதான் முதலாளி, யாரு என்ன பேரு வச்சுக் கூப்பிட்டாலும்.

தம்பிகிட்டயும் பேசு. அவனுக்கு இந்த மூட்டைய தூக்க ஆசை இருக்கான்னு யாராச்சும் கேட்டாங்களா? பல வீட்ல பையன் வேணாம்னு சொல்ல பயந்துட்டு இருப்பான், பொண்ணு வேணும்னு சொல்ல பயந்துட்டு இருப்பா, நடுவுல அப்பா நிம்மதியாத் தூங்குவாரு. ஒரு வருஷம் கழிச்சும் கணக்கக் காட்டியும் அவரு மனசு மாறலன்னா, அந்தக் கணக்கோட வேற எடத்துக்குப் போ. மொத்த வியாபாரம் தெரிஞ்ச 30 வயசுப் பொண்ண எடுத்துக்க ஆளு இருக்கு. வருத்தமாத்தான் இருக்கும்.

துவாஸ்ல கம்பெனி நடத்தும் வாசகர், வயது 52: அம்மா, என்கிட்ட 40 பேரு. நான் பொண்ணுங்களுக்கு எதிரி இல்ல. ஆனா மனசு விட்டுச் சொல்றேன், ஒரு பொண்ண சூப்பர்வைசர் ஆக்குனா பிள்ளைப்பேறு லீவு, அப்புறம் வீட்டிலேர்ந்து வேலை, சீக்கிரம் போகணும்னு வரும். சின்ன கம்பெனி எப்படித் தாங்கும்?

பதில்: மனசு விட்டு எழுதினதுக்கு நன்றி தம்பி, நெறைய பேரு இத நெனச்சுட்டு வெளிய வேற பேசுறாங்க. சரி, நானும் மனசு விட்டுச் சொல்றேன். உன் கணக்கு பழைய கணக்கு. அப்பாவுக்கு 2025 ஏப்ரல்லேர்ந்து நாலு வாரம் லீவு கட்டாயம். அது போக 2026 ஏப்ரல் 1லேர்ந்து பொறக்குற பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் பங்கு போட்டுக்குற லீவு பத்து வாரம், அரசாங்கம் சம்பளத்துக்குக் குடுக்குது, அதுக்கும் உச்ச வரம்பு உண்டு. ஆக உன் ஆம்பள சூப்பர்வைசரும் காணாமப் போகப் போறாரு, ரெடியா இரு. நாலுல ஒரு சிங்கப்பூரருக்கு 2030ல 65 வயசு தாண்டியிருக்கும், அப்பா அம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக உன் ஃபோர்மேனும் லீவு கேப்பாரு, நீயே கேப்ப.

வேலை நேரம், எடம் மாத்திக் கேக்குற நீக்குப்போக்கு வேலை ஏற்பாட்டுக்கு 2024 டிசம்பர் 1லேர்ந்து அரசாங்கம், முதலாளிங்க, தொழிற்சங்கம் சேர்ந்து போட்ட முத்தரப்பு வழிகாட்டி இருக்கு. கேட்டா குடுத்தே ஆகணும்னு அதுல இல்ல, பயப்படாத. ரெண்டு மாசத்துக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும், மறுத்தா வியாபாரக் காரணம் சொல்லணும், எனக்குப் புடிக்கல, எங்க வழக்கம் இல்லங்குறது காரணம் ஆகாது. லேத் மெஷின வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஏழரை மணி ஷிஃப்ட்ட எட்டரை ஆக்க முடியுமான்னு நீ யோசிச்சுப் பாத்தியா? பாலர் பள்ளி தொறக்குறதே ஏழு மணிக்குத்தான்னு வச்சுக்க, சுவா சூ காங்லேர்ந்து துவாஸுக்கு ஒரு அம்மா எப்படிப் பறந்து வருவா?

வேலையிட நியாயச் சட்டமும் 2025 ஜனவரியில நாடாளுமன்றத்துல நெறைவேறியாச்சு, நடைமுறைக்கு வந்ததும் கர்ப்பம், கல்யாணம், வீட்ல ஆளப் பாத்துக்குற பொறுப்பு இதெல்லாம் வச்சு வேலையில ஓரவஞ்சனை பண்ணக் கூடாது. 25 பேருக்குக் கீழ இருக்குற கம்பெனிக்குத்தான் இப்போதைக்கு விலக்கு, உனக்கு 40 பேரு.

சட்டத்த விடு. உன் கம்பெனியில ஒரே ஆளு தலையில மட்டும் இருக்குற வேலை எத்தன இருக்குன்னு எண்ணிப் பாரு. அந்த வாடிக்கையாளர் விலை எல்லாம் ஒருத்தருக்குத்தான் தெரியும், அந்த மெஷின் செட்டிங் ஒருத்தருக்குத்தான் தெரியும்னு இருந்தா, அவரு பிள்ளை பெத்தாலும் சரி, வேற கம்பெனிக்கு 500 வெள்ளி கூடக் கெடைக்குதுன்னு போனாலும் சரி, நீ மாட்டிக்குவ. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அடுத்தாள் வை, அதுல பாதி எடத்துல அந்த அடுத்தாள் பொண்ணா இருக்கட்டும். உன்ன நல்லவனாக்க இல்ல, ராத்திரி நீ தூங்கணும்ல.

பொங்கோல் வாசகி, வயது 39: அக்கா, எங்க கம்பெனியில நட்டத்துல போற ஒரு பிரிவுக்கு என்னைத் தலைவி ஆக்குறாங்களாம். அதுக்கு முன்னாடி இருந்த ரெண்டு பேரும் ஆம்பளைங்க, ஒண்ணரை வருஷத்துல ஓடிட்டாங்க. எல்லாரும் வாழ்த்துறாங்க, எனக்கு வயித்தக் கலக்குது.

பதில்: வயிறு சரியாத்தான் சொல்லுது. கப்பல் முழுகும்போது பொண்ணுகிட்ட சுக்கான குடுக்குறதுக்கு ஒரு பேரே இருக்கு, கண்ணாடிப் பாறைமுனைன்னு வச்சுக்கயேன், 2005ல மிஷெல் ரயன், அலெக்ஸ் ஹாஸ்லம்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பிரிட்டன் கம்பெனிங்களப் பாத்து எழுதினது. பங்கு விலை சரிஞ்சுகிட்டு இருக்கும்போதுதான் போர்டுக்கு பொண்ணுங்கள எடுக்குறாங்கன்னு கண்டுபுடிச்சாங்க. கம்பெனி விழுந்தா, அவளாலதான் விழுந்துச்சு, அதான் பொண்ணு வேணாம்னோம்லன்னு சொல்லிக்கலாம்.

ஆனா வேணாம்னு சொல்லிடாத. நட்டத்துல இருக்குற பிரிவுதான் கணக்கு முழுசாக் கையில வர்ற எடம், நல்லா ஓடுற பிரிவ யாரும் நமக்குத் தூக்கிக் குடுக்கப் போறதில்ல. சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டு வருஷக் கணக்கப் பாரு, ஓடிப்போன ரெண்டு பேரையும் தனித்தனியா கோப்பிக்கு கூப்பிட்டு எதனால போனீங்கன்னு கேளு, அவங்க ஆபிஸ்ல சொல்லாதத கோப்பிக்கடையில சொல்லுவாங்க. அப்புறம் எத்தன ஆளு, எவ்வளவு காசு, எத்தன மாசம், எது வந்தா ஜெயிச்சதா அர்த்தம்னு எழுத்துல வாங்கு. யார வேலைய விட்டு எடுக்கலாம், யாரச் சேக்கலாம்ங்குற முடிவு உன்கிட்ட இல்லன்னா அது பதவி இல்ல, பலியாடு. அப்படின்னா மட்டும் சிரிச்சுக்கிட்டே வேணாம்னு சொல்லிடு.

ஈசூன் வாசகி: என் மகள் பாலிடெக்னிக்ல ரெண்டாம் வருஷம். ரொம்ப அமைதி, நாலு பேரு முன்னாடி பேச மாட்டா. இந்தக் காலத்துல இப்படி இருந்தா மேல வர முடியுமா? பேச்சு வகுப்புல சேக்கலாமா?

பதில்: வகுப்புல சேக்குறதுன்னா அவளக் கேட்டுச் சேரும்மா. சத்தமாப் பேசுறவங்கதான் தலைவர்னா தேக்கா மார்க்கெட்ல மீன் விக்குறவங்க எல்லாம் அமைச்சர் ஆகியிருக்கணும். குரூப் புராஜெக்ட்ல யாரு வேலைய பிரிச்சுக் குடுக்குறா, கடைசி ராத்திரி எல்லாரும் யாருக்கு போன் பண்றாங்கன்னு மட்டும் கவனி. அது உன் மகளா இருந்தா கவலைய விடு. அடுத்த லீவுல எங்கயாச்சும் காசு பொழங்குற எடத்துல பகுதிநேர வேலை பாக்கட்டும்.

கிளமெண்டி வாசகர்: எல்லாருக்கும் புத்தி சொல்றீங்களே, நீங்க எவ்வளவு மேல போனீங்க?

பதில்: நல்லாக் கேட்ட. துணை மேனேஜரோட நின்னுட்டேன். 1998ல போர்ட் கிளாங் கிளைய ரெண்டு வருஷம் பாத்துக்குறியான்னு ஒரு தடவ கேட்டாங்க, அப்ப மாமியார் படுத்த படுக்கை, சின்னவனுக்கு மூணு வயசு, முடியாதுன்னேன். அந்த முடியாது அந்த வருஷத்துக்குத்தான், ஆனா அவங்க அத ஆயுசுக்கும் எழுதிக்கிட்டாங்க, அப்புறம் யாரும் கேக்கவே இல்ல, நானும் வாயத் தொறந்து இப்ப முடியும்னு சொல்லல. மாமியார் போயி, பையன் தேசிய சேவைக்குப் போன பிறகும் சொல்லல. அது என் தப்பு.

ரிட்டயர் ஆகுற வாரம் வேலைய ஒப்படைச்சிட்டிருந்தேன். எனக்குப் பதிலா வந்த தம்பிக்கு கணக்குப் பிரிவுலேர்ந்து ஒரு ஃபைல் அனுப்புனாங்க, தவறுதலா எனக்கும் ஒரு நகல் வந்துருச்சு. தொறந்தா, நான் 14 வருஷமா பாத்துக்கிட்ட கஸ்டமரோட லாப நட்டக் கணக்கு. அவங்க ஒவ்வொரு கன்டெய்னரும் எனக்குத் தெரியும், எந்தக் கப்பல், எந்த நாளு, எந்த டிரைவர் எல்லாம் தெரியும், எவ்வளவு லாபம்னு அன்னிக்குத்தான் முதல் தடவ பாத்தேன். சேர்ந்த முதல் வாரமே அந்தத் தம்பிக்குத் தானா வருது. கதவச் சாத்திட்டு உக்காந்து கடைசி வரி வரைக்கும் படிச்சேன். ரெண்டு எடத்துல தப்பு இருந்துச்சு, சிவப்புப் பேனாவால வட்டம் போட்டு அவன் மேசையில வச்சிட்டு எம்ஆர்டி புடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன்.